விழப்போகிற பல்தானே? பால் பற்களைப் பாதுகாக்க முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு நாலரை வயது இருக்கும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி தென்பட்டது. ஆறு வயதில் எப்படியும் விழப்போகிற பல், இன்னும் ஒன்றரை வருஷம்தானே, தள்ளிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். வேறு எதற்கோ போன இடத்தில் பல் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "எந்தப் பல் ஆறு வயசுல விழும்னு நினைச்சீங்க? இது விழ இன்னும் ஆறு வருஷம் ஆகும். அதுவரைக்கும் பாப்பா இதுலதான் மெல்லணும்."

முன்பற்களைப் பார்த்துவிட்டு எல்லாப் பால் பற்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கணக்கு தப்புவது அங்கேதான். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 8, கோரைப் பற்கள் 4, கடைவாய்ப் பற்கள் 8. இதில் 6 வயது முதல் 8 வயதுக்குள் விழுபவை முன்பற்கள் எட்டு மட்டுமே. முதல் கடைவாய்ப் பல் 9 முதல் 11 வயதில் விழும். கோரைப் பல்லும் இரண்டாம் கடைவாய்ப் பல்லும் 12 வயது வரைகூட இருக்கும். இரண்டு, இரண்டரை வயதில் முளைக்கிற அந்தக் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு வாயில் எட்டு ஒன்பது வருஷ வேலை காத்திருக்கிறது.

மெல்லுவது, பேசுவது மட்டும் அல்ல அந்த வேலை. ஒவ்வொரு பால் பல்லும் தனக்குக் கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஒன்று புதிதாக முளைக்கும். அதற்கு எப்போதும் முன்னோக்கி நகரும் போக்கு உண்டு. முன்னால் பால் பல் உட்கார்ந்திருந்தால் அது தன் இடத்தில் நிற்கும். சொத்தை விழுந்து பால் பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால், காலியான இடத்துக்குள் சாய்ந்துகொண்டே வரும். நாலைந்து வருஷம் கழித்துக் கீழிருந்து மேலே வர வேண்டிய பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பதின்ம வயதில் கம்பி மாட்டி நேராக்கும் பல்வரிசைகளில் சிலவற்றின் கதை இப்படித் தொடங்கியதுதான்.

இன்னொன்றும் உண்டு. பால் பல்லின் எனாமல் மெல்லியது, நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே இருக்கும் நரம்புப் பகுதியோ, பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. அதனால் பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் பரவும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். அங்கே சீழ் கட்டினால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலில் நிரந்தரமான வடு விழலாம்.

இது எங்கோ சில வீடுகளின் பிரச்சினை அல்ல. உலகம் முழுக்க 51.4 கோடிக் குழந்தைகளுக்குப் பால் பற்களில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

1. பல் தெரிவதற்கு முன்

கர்ப்பத்தின் நான்காம் மாதவாக்கிலேயே பால் பற்களுக்கு எனாமல் படியத் தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது பற்கள் ஈறுக்குள் ஒளிந்திருக்கின்றன, அவ்வளவுதான். சில குழந்தைகள் ஒன்றிரண்டு பற்களோடே பிறப்பதும் உண்டு. அது அபசகுனமும் இல்லை, அதிசயமும் இல்லை. பல் ஆடினாலோ பால் குடிக்க இடைஞ்சலாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டினால் போதும்.

ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, நாளுக்கு ஒரு தடவை ஈறுகளை மெதுவாகத் துடைத்துவிடுங்கள். இதனால் பெரிய மருத்துவப் பலன் கிடைத்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. வாய்க்குள் பெரியவர் விரல் வருவது குழந்தைக்குப் பழகிவிட்டால், பிரஷ் பிடிக்கும் காலத்தில் பாதிச் சண்டை குறையும்.

சொத்தை உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வளர்ப்பவர்களின் எச்சில் வழியாகத்தான் குழந்தையின் வாய்க்குள் குடியேறுகின்றன. ஸ்பூனைச் சப்பிப் பார்த்துவிட்டு ஊட்டுவது, கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் 'சுத்தம்' செய்து கொடுப்பது, இவை இரண்டும் வேண்டாம். முத்தத்தை நிறுத்த வேண்டியதில்லை. அம்மா, அப்பாவின் வாயில் கவனிக்காமல் விட்ட சொத்தை இருந்தால் அதை முதலில் சரிசெய்வது, குழந்தையின் பல்லுக்குச் செய்யும் வேலையும்தான்.

2. பல் முளைக்கும் நாட்கள்

6 முதல் 10 மாதத்துக்குள் கீழே நடுவில் இரண்டு பற்கள் முதலில் வரும், அப்புறம் மேலே. ஒன்றேகால் வயதை ஒட்டி முதல் கடைவாய்ப் பற்கள், ஒன்றரை வயதுக்கு மேல் கோரைப் பற்கள், இரண்டு இரண்டரை வயதில் கடைசி நான்கு. சில மாதங்கள் முன்பின் ஆவது சகஜம். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் காட்டிக் கேளுங்கள்.

ஜொள்ளு, கண்டதைக் கடிப்பது, சிணுங்கல் எல்லாம் இந்த நாட்களில் இருக்கும். ஆனால் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பல்லின் கணக்கில் எழுதாதீர்கள். "பல் முளைக்குது, அதான் காய்ச்சல்" என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் காதில் சீழ் என்று தெரியவந்த வீடுகள் உண்டு.

ஃப்ரிட்ஜில் குளிரவைத்த (உறையவைத்தது அல்ல) கடிவளையம், சுத்தமான ஈரத்துணி, உங்கள் விரலால் ஈறைத் தேய்த்துவிடுவது, இவை போதும். ஈறை மரத்துப்போகச் செய்யும் ஜெல்களில் பென்சோகைன் இருந்தால் தொடவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது அரிதாகக் குறைத்துவிடும் என்பதால், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. பல்வலிக்கென்று விற்கும் மணிமாலைகளும் வேண்டாம். கழுத்தை இறுக்கும், மணி உதிர்ந்தால் தொண்டையில் அடைக்கும்.

3. முதல் பல் வந்த அன்றே பிரஷ்

நாலைந்து பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தலை சிறியதாக, நார் மென்மையாக உள்ள பிரஷ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது நார் விரிந்ததும் மாற்றுங்கள்.

பேஸ்ட் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். "விழுங்கிவிடுவானே" என்ற பயத்தில் ஃப்ளோரைடு (எனாமலைக் கெட்டிப்படுத்தும் தாது) இல்லாத பேஸ்டை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பயத்துக்குப் பதில் அளவில் இருக்கிறது. முதல் பல்லிலிருந்து 3 வயது வரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. இந்த அளவைக் குழந்தை விழுங்கினாலும் பயப்பட ஒன்றுமில்லை. பேஸ்டின் ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் அளவில் இருந்தால் சரி, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அது பேஸ்டை விற்பதற்கான அளவு.

ஒரு விதிவிலக்கு. நீங்கள் குடிக்கும் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்றால் (உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்), உள்ளே வளரும் நிரந்தரப் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் வரலாம். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் பேஸ்டைப் பற்றிப் பல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

துலக்கியதும் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வைக்காதீர்கள். ஃப்ளோரைடு பல்லின் மேல் கொஞ்ச நேரம் தங்கினால்தான் வேலை செய்யும். துப்பத் தெரியாத வயதில் மிச்ச நுரையைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

4. இரவுத் துலக்கல்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் உங்களால் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் வாயில் உள்ள கிருமிகள் தின்று அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் எனாமலில் இருந்து தாதுக்களைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் ஓடி அமிலத்தைக் கழுவி, கரைந்த தாதுவைத் திரும்பப் படியவைத்துவிடும். தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய வற்றிவிடுகிறது. அதனால் இரவில் பல்லில் ஒட்டியிருக்கும் உணவுக்கு எட்டு மணிநேரம் தடையே இல்லை. காலையில் துலக்காமல் விட்டால் வாய் நாறும், இரவில் விட்டால் பல் போகும்.

யார் துலக்குவது? நீங்கள்தான். 7, 8 வயது வரை. "அவளே தேய்ச்சுக்கிறா" என்று மூன்று வயதுக் குழந்தையின் பெற்றோர் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் என் பழைய முகம் ஞாபகத்துக்கு வரும். ஷூ லேஸைத் தானாகக் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாயின் உட்பக்கம் பிரஷ் பிடிக்கத் தெரியாது. ஆசைக்கு முதலில் அவள் தேய்க்கட்டும், அப்புறம் உங்கள் முறை.

எதிரே நின்றுகொண்டு முகத்தைப் பிடித்துத் துலக்கினால் எதுவும் தெரியாது. நீங்கள் தரையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து, குழந்தையின் தலையை மடியில் வைத்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். மேலிருந்து பார்த்தால் வாய் முழுக்கத் தெரியும். கைக்குழந்தை என்றால் இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மடியில் உடம்பும் மற்றவர் மடியில் தலையுமாகப் படுக்க வைக்கலாம். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் துலக்கலாம். அழுதால் வாய் நன்றாகத் திறந்திருக்கும், அந்த வகையில் வசதிதான்.

ஒரு விரலால் மேல் உதட்டைத் தூக்கி, பிரஷின் நார் ஈறும் பல்லும் சேரும் கோட்டைத் தொடுமாறு சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் மட்டும் முன்னும் பின்னுமாக. மொத்தம் இரண்டு நிமிடம். எல்லோரும் முன்பல்லில் தொடங்கி, பின்பக்கம் போவதற்குள் குழந்தையின் பொறுமை தீர்ந்து எழுந்துவிடும். நான் மேல் கடைவாயில் தொடங்குவேன். முன்பற்கள் கடைசியில் வந்தாலும் தப்பிக்க முடியாது.

பக்கத்துப் பற்கள் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால் அந்தச் சந்துக்குள் பிரஷ் போகாது. பால் கடைவாய்ப் பற்கள் இரண்டும் ஒன்றோடொன்று அகலமாக அணைந்திருக்கும். சொத்தை அதிகம் ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே. அங்கே மட்டுமாவது பல்லிடுக்கு நூல் போடுங்கள். கைப்பிடி உள்ள நூல் சுலபம்.

5. பாட்டில், நொறுக்குத்தீனி, மருந்து சிரப்

பால் பாட்டிலோடு தூங்கவைப்பது வேண்டாம். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஈறோரம் கரைந்துபோன ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்தால் பல் டாக்டர்கள் முதலில் கேட்பது பாட்டிலைப் பற்றித்தான். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை மட்டும் தப்பியிருக்கும். படுக்கையில் பாட்டில் இல்லாமல் முடியாது என்றால் அதில் தண்ணீர் மட்டும். தினமும் பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கூட்டிக்கொண்டே போய் மாற்றிவிடலாம். 12 முதல் 18 மாதத்துக்குள் பாட்டிலை விட்டுவிட்டுக் கோப்பைக்கு மாறுவது நல்லது. சூப்பானைச் சர்க்கரையிலோ தேனிலோ தோய்த்துக் கொடுக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

தாய்ப்பாலையும் இதே தட்டில் வைத்துவிடாதீர்கள். 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குப் பிறகும் இரவில் அடிக்கடி குடிக்கும் குழந்தை என்றால், படுக்கும் முன் துலக்குவதில் கூடுதல் கறார் வேண்டும், அவ்வளவுதான்.

இனிப்பில் எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். ஒரு தடவை இனிப்பு வாய்க்குள் போனால் பல் மீண்டு வர அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும். மூன்று மணிநேரம் ஜூஸை உறிஞ்சிக்கொண்டே திரியும் குழந்தையின் பல்லுக்கு மீள நேரமே கிடைப்பதில்லை. அதே ஜூஸைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்தால் சேதம் குறைவு. ஒரு வயதுக்குள் ஜூஸ் தேவையே இல்லை. பல்லில் அப்பிக்கொள்ளும் பிஸ்கட், சிப்ஸ், உலர்ந்த திராட்சை ஆகியவை சாக்லேட்டைவிட நல்ல பிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம்.

அடிக்கடி சிரப் குடிக்கும் குழந்தை என்றால் சர்க்கரை சேர்க்காத வகை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து கொடுத்த பின் வாயைத் தண்ணீரால் அலம்பிவிடுங்கள், இன்ஹேலருக்குப் பிறகும் அப்படியே.

விரல் சூப்புவதும் சூப்பானும் 3 வயதுக்குள் நின்றுவிட்டால் பல்வரிசை பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

6. மாதம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பார்க்கவும்

நல்ல வெளிச்சத்தில் மேல் உதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல மங்கிய வெள்ளை வரி தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் ஓட்டை இல்லை, துளையிட வேண்டியதும் இல்லை. ஃப்ளோரைடும் சாப்பாட்டு ஒழுங்குமே திரும்பக் கெட்டிப்படுத்திவிடும். மஞ்சளாக, பழுப்பாக மாறிவிட்டால் தாமதிக்காதீர்கள். வலிக்கவில்லை என்பதை நம்பி உட்காரக் கூடாது. குழந்தைகள் பலர் பல்வலி என்று சொல்லவே மாட்டார்கள். ஒரு பக்கமாகவே மெல்லுவார்கள், குளிர்ந்ததைத் தள்ளுவார்கள், இரவில் எழுந்து அழுவார்கள். ஈறில் சின்னப் பரு போலக் கொப்புளம் வந்து உடைந்தால் வலி நிற்கும், சீழ் உள்ளேயே இருக்கும்.

கன்னமோ தாடையோ கண்ணோரமோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை.

7. டாக்டரிடம் முதல் தடவை

முதல் பல் வந்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் போய்விடுவது நல்லது. வலியோடு போகும் முதல் தடவைதான் வாழ்நாள் பயத்தை விதைக்கிறது. "ஊசி போட மாட்டாங்க, வலிக்காது" என்று வீட்டில் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அதுவரை குழந்தையின் மனதில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. "டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்றால் போதும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. சொத்தை வரும் வாய்ப்பு அதிகம் என்றால் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார்கள். பிரஷால் தடவுகிற வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

8. சொத்தை வந்தே விட்டால்

"பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்பது பெற்றோரின் முதல் கோரிக்கையாக இருக்கக் கூடாது. ஓட்டை சின்னது என்றால் அடைத்துவிடலாம். குழந்தை ஒத்துழைக்காத வயதில் சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்ற திரவத்தைத் தடவிச் சொத்தையை அப்படியே நிறுத்திவைக்கலாம். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். கடைவாய்ப் பல்லில் சொத்தை பெரியதாக இருந்தாலும் நரம்பு கெடவில்லை என்றால், துளையிடாமல், ஊசி போடாமல், சொத்தைக்கு மேலேயே எஃகு கேப்பைப் பொருத்தி மூடிவிடும் ஹால் முறை இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பல் டாக்டர் நோர்னா ஹாலின் பெயரில் வழங்குவது அது. சாப்பாடு கிடைக்காமல் கிருமிகள் உள்ளேயே அடங்கிவிடும். என் மகளுக்குப் போட்டது இதுதான். பள்ளியில் அதை 'வெள்ளிப் பல்' என்று காட்டிக் கொஞ்ச நாள் மகாராணியாகத் திரிந்தாள்.

நரம்பின் மேல்பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை நீக்கி மருந்து வைத்துக் கேப் போடுவார்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், "இடம் காக்க ஏதாவது வைக்க வேண்டுமா?" என்று கட்டாயம் கேளுங்கள். கம்பி வளையம் ஒன்றை ஒட்டி அந்த இடைவெளி மூடாமல் வைத்திருக்க முடியும்.

9. விழுந்து பல்லில் அடிபட்டால்

பால் பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். அடியில் உள்ள நிரந்தரப் பல்லின் மொட்டு நசுங்கிவிடும். பல்லைத் தேடிக் கண்டுபிடித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள். கிடைக்காவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், ஈறுக்குள் புதைந்தும் இருக்கலாம். அடிபட்டுச் சில வாரங்களில் பல் சாம்பல் நிறமானால் உடனே பிடுங்க வேண்டியதில்லை, கண்காணித்தால் போதும்.

நிரந்தரப் பல்லுக்குச் சட்டம் நேர்மாறு. வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ சில விநாடி அலசி, உடனே குழிக்குள் வைத்து அழுத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். அரைமணி நேரத்துக்குள் வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். விழுந்தது எந்தப் பல் என்று தெரிந்திருப்பது இங்கே எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

10. ஆறு வயதுக்குப் பிறகு

எந்தப் பல்லும் விழாமலேயே கடைவாயின் கோடியில் ஒரு பல் முளைக்கும் என்றேனே, அதைப் பால் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறவர்கள் ஏராளம். ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல் அது. பாதி முளைத்த நிலையில் மற்ற பற்களைவிடத் தாழ்ந்திருப்பதால் பிரஷ் அதைத் தொடாமல் தாண்டிவிடும். பிரஷைப் பக்கவாட்டிலிருந்து நுழைத்துத் தேயுங்கள். முழுதாக வந்ததும் அதன் பள்ளங்களைப் பிசின் பூசி மூடும் சீலன்ட் போட்டுக்கொள்ளலாம்.

கீழ் முன்பக்கப் பால் பல் விழுவதற்குள் அதன் பின்னாலேயே புதுப்பல் தலைகாட்டினால் பதற வேண்டாம். பால் பல் ஆடினால் நாக்கால் தள்ளித் தள்ளி விழட்டும், பெரும்பாலும் நாக்கே புதுப்பல்லை முன்னால் நகர்த்திவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் அசையவே இல்லை என்றால் காட்டுங்கள். புதுப் பற்கள் பெரிதாக, கொஞ்சம் மஞ்சளாக, மேலே நடுவில் இடைவெளியோடு வரும். 7 முதல் 11 வயது வரை அந்த இடைவெளி இருப்பது இயல்பு. மேல் கோரைப் பல் இறங்கியதும் பலருக்குத் தானே மூடிக்கொள்ளும்.

கடைசியாக விழுபவை இரண்டாம் கடைவாய்ப் பால் பற்கள். ஒரு பக்கம் விழுந்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் அப்படியே கெட்டியாக நின்றால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிலருக்குக் கீழே நிரந்தரப் பல்லே உருவாகியிருக்காது. அப்படியானால் அந்தப் பால் பல் இன்னும் பல வருஷங்கள் வேலை பார்க்க வேண்டியிருக்கும். முப்பது, நாற்பது வயதிலும் பால் பல்லால் மெல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.